பழரசம் கெடாதிருக்கும் வகை

ஸ்வீடன் தேசத்துக் காடுகளில் லிங்கன்பெர்ரி என்னும் சிறு சிவப்புப் பழம் விளைகின்றது. அதைச் சர்க்கரையின்றி, காய்ச்சாமல், ஜாடியில் வெறுந் தண்ணீரில் அமிழ்த்திவைத்துக் குளிர்காலம் முழுதும் உபயோகிப்பது அந்நாட்டுக் குடியானவர்களின் பழைய வழக்கம்.

ஏனைய பழங்களை அவ்வாறு வைப்பின் சில தினங்களில் நுரைத்துப் புளித்துவிடும். ஈஸ்ட் என்னும் நொதிக்கிருமியும் பாக்டீரியாவுமே அதற்குக் காரணம். லிங்கன்பெர்ரியிலோ பென்ஸோயிக் அமிலம் இயற்கையாகவே அமைந்துள்ளது. சாம்பிராணிப் பிசினிலிருந்து 16ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்ட வஸ்து இதுவே. இது கிருமியின் மெல்லிய தோலை ஊடுருவி உட்சென்று அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றது.

ஆயின் சாறு புளிப்பாயிருந்தால்தான் இவ்வமிலம் கிருமிக்குள் நுழையும். புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். பி.எச். 3 உள்ள சாற்றில் இவ்வமிலத்தில் 100க்கு 90 பங்குக்கு மேல் உள்நுழையும் நிலையிலிருக்கும்; பி.எச். 6 ஆனால் 2 பங்குகூடத் தேறாது.

நாவற்பழம், திராட்சை முதலியவற்றின் ஸ்குவாஷில் சேர்க்கும் சோடியம் பென்ஸோயேட் உப்பும் இதே அமிலத்தையே தருகின்றது. ஒரு கிலோ ஸ்குவாஷில் இவ்வமிலம் 600 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்று 1955ஆம் வருஷத்துப் பழப்பொருள் உத்தரவு வரையறுத்தது. ஆகையால், புட்டிகள் பொங்கிச் சங்கத்திற்கு நஷ்டம் நேரும்போது உப்பை அதிகரிப்பது பரிகாரமன்று. அடுத்த முறை காய்ச்சுமுன் எலுமிச்சை உப்பு சேர்த்துப் புளிப்பைச் சரிசெய்தல் வேண்டும். அழுகற் பழத்தைக் களைவதும், புட்டிகளை வெந்நீரில் கொதிக்கவைப்பதும் அதனினும் முந்திய கடமையாம். கிருமி மலிந்த சாற்றை எவ்வுப்பும் காவாது.