சீஷெல்ஸில் ஒரு பங்காளி

ஊதிப் பெருத்த கருஊதா உடல், குட்டைக் கால்கள், கடுகளவுக் கண்கள், நுனி வெளுத்த கூரான மூக்கு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த இந்தத் தவளையை 2003-இல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுய்ட்டும் ‘நேச்சர்’ இதழில் அறிமுகப்படுத்தினார்கள். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடந்து கறையான் தின்னும். பருவமழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இணைசேர வெளியே வரும்.

இது எந்தக் குடும்பத்துத் தவளை? உருவத்தை நம்ப முடியாது. மண் தோண்டிப் பிழைக்கும் தவளைகள் உறவே இல்லாமல் ஒரே சாடையில் இருப்பதுண்டு.

அங்கேதான் மைட்டோகாண்ட்ரியா கைகொடுத்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் இந்த உறுப்புக்குத் தனியாக ஒரு டி.என்.ஏ. வளையம் உண்டு. ஆப்பிரிக்க நகத்தவளையின் வளையத்தை 1985-இல் முழுதாகப் படித்தபோது 17,553 எழுத்துகள், 37 மரபணுக்கள் இருந்தன. உட்கருவில் இருக்கும் கோடிக்கணக்கான எழுத்துகளோடு ஒப்பிட்டால் இது சின்னத் துண்டுச்சீட்டு. ஆனால் ஒரு செல்லில் இதற்கு ஏராளமான பிரதிகள் இருப்பதால், விரல்நுனியில் எடுத்த துணுக்குத் திசுவே ஆய்வுக்குப் போதும். எழுத்துப் பிழைகளும் இதில் விரைவாகச் சேரும். இரு தவளைகளின் வளையங்களில் வேறுபாடு குறையக் குறைய, உறவு நெருக்கம்.

ஒரு குறை: இது பெரும்பாலும் தாய்வழியில் மட்டுமே வருவது, ஒரு பக்கத்துக் கதையைத்தான் சொல்லும். அதனால் உட்கரு மரபணுக்களையும் சேர்த்தே பார்த்தார்கள். விடை வியப்பூட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற தவளைகளை விட்டுவிட்டு, கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் சீஷெல்ஸ் தீவுகளில் வாழும் தவளைக் குடும்பத்தோடு இது போய்ச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் கார்டினர் தவளை என்று ஒன்று, வளர்ந்தும் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். நம்முடையதோ ஏழு சென்டிமீட்டர்! கண்ணால் பார்த்து யாரும் இவற்றைப் பங்காளிகள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

உப்புநீர் தவளைக்கு ஆகாது; நீந்திப் போயிருக்க வழியில்லை. நகர்ந்தது நிலம்தான். இந்தியாவும் சீஷெல்ஸும் ஒரே நிலமாக இருந்து, சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை.

தமிழ்நாட்டுக்கும் இந்த வம்சத்தில் பங்குண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைச்சரிவில் வாழும் தவளையை, மைட்டோகாண்ட்ரியா வேறுபாட்டையும் சான்றாகக் காட்டி, 2017-இல் தனி இனமாக அறிவித்தார்கள். கேரளத்து உறவு தென்மேற்குப் பருவமழையில் இணைசேர, இது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. கோவையில் பணியாற்றி 2014-இல் மறைந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் பெயரை இந்த இனத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள்.