கேட்போர் தொகுக்கும் களஞ்சியம்

நுழையும்முன்

நெடிய கதையொன்றில் தோய்ந்தவர்கள், அக்கதையின் மாந்தர், ஊர், படைக்கலம், உறவுமுறை ஆகியவற்றைத் தாமே கூடித் தொகுத்து வைக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. தமிழில் அவ்வாறு தொகுக்கப்பட வேண்டிய கதைவரிசை ஒன்று நெடுங்காலமாகக் காத்திருக்கிறது. அது கற்றோரால் பெரிதும் புறக்கணிக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி போன்ற வட்டாரங்களில் கூத்தாகவும் வழிபாடாகவும் இன்றும் உயிரோடிருப்பது. அதற்கு ஒரு கூட்டுக் களஞ்சியம் ஏன் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒன்றோடொன்று பின்னிய கதைகள்

மதுரையை ஆண்ட பாண்டியனுக்கு அல்லி மலரில் கிடைத்த பெண்மகவு அல்லி. வளர்ந்தபின், தந்தையின் நாட்டைக் கவர்ந்துகொண்ட நீன்முகனை வென்று அரியணை ஏறுகிறாள். ஆண்களை அருகில் அண்டவிடாத அவ்வரசியின் புகழைக் கேட்டு மையல் கொள்கிறான் அருச்சுனன். கண்ணன் பாம்பாட்டியாக வர, அருச்சுனன் பாம்பாகி அரண்மனைக்குள் நுழைகிறான். உறங்கும் அல்லியின் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். விழித்தெழுந்த அல்லி அதனை எளிதில் ஏற்கவில்லை. சினந்து போருக்கு எழுகிறாள். இது அல்லி அரசாணி மாலை கூறும் கதை.

இக்கதை அந்நூலோடு முடிவதில்லை. அல்லிக்குப் பிறந்த புலந்திரன் விளையாடுவதற்குப் பவளத்தேர் கேட்கிறான். பவளம் தேடிச் செல்லும் அருச்சுனன் பவளக்கொடி என்னும் அரசியைக் கண்டு மணக்கிறான். அல்லியின் சினம் மீண்டும் மூள்கிறது. இது பவளக்கொடி மாலை. புலந்திரன் களவு, ஏணியேற்றம் முதலிய நூல்கள் இவ்வுலகையே மேலும் விரிக்கின்றன. ஒரு நூலில் குழந்தையாகத் தோன்றுபவன் மற்றொரு நூலில் தலைவனாகிறான். ஒரு நூலில் வெற்றி பெற்றவள் அடுத்த நூலில் வஞ்சிக்கப்படுகிறாள். தொடர்நாவல் என்னும் சொல் தமிழுக்கு வருவதற்கு முன்பே அதன் இயல்புகள் அனைத்தையும் கொண்டிருந்த மிகுபுனைவு வரிசை இது எனலாம்.

வியாசரின் பாரதத்தில் அல்லி என்னும் பெயரில் எவரும் இல்லை. அருச்சுனன் மணந்த சித்திராங்கதையைத் தமிழ் மரபு பாண்டியன் மகளாக்கிக் கொண்டது. அவளே நாட்டார் வழக்கில் அல்லியாக உருமாறினாள் என்பர் ஆய்வாளர். ஆயினும் இரவல் பெற்ற பெயர் அன்று, படைக்கப்பட்ட ஆளுமையே அல்லியின் சிறப்பு. பிறர் உதவியின்றி நாடாண்டு, மணத்திற்கு இசைய மறுத்த ஓர் அரசியைத் தமிழ் மக்கள் தமக்கெனப் படைத்துக்கொண்டனர்.

பெரிய எழுத்தும் சிறிய மதிப்பும்

இந்நூல்கள் அச்சுக்கு வந்தபோது, எழுத்துக்கூட்டிப் படிப்போருக்கும் எளிதாகும்படி பருத்த எழுத்துகளில், படங்களுடன், மலிவு விலையில் வெளியிடப்பட்டன. 'பெரிய எழுத்து' என்னும் அடைமொழி இவ்வாறு வந்தது. சென்னையின் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் வெளியிட்ட இந்நூல்கள் ஊர்தோறும் சென்றன. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, பலர் சூழ்ந்திருந்து கேட்டனர்.

நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவரே இவற்றை இயற்றினார் என நூல்களின் முகப்பு கூறும். மொழிநடையை நோக்கும் அறிஞர்கள் இதனை ஏற்பதில்லை. பெயரறியாப் புலவர் பலரின் ஆக்கத்திற்கு ஒரு பெரும்புலவரின் பெயர் காப்பாக அமைந்தது. பேச்சுவழக்குச் சொற்களும் திரும்பத் திரும்ப வரும் தொடர்களும் மிகுந்திருந்ததால், இவை இலக்கிய வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளுக்குமேல் இடம்பெறவில்லை. ஆனால் மேடை இவற்றை மறக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் பவளக்கொடியை நாடகமாக்கினார். 1934இல் வெளிவந்த பவளக்கொடி திரைப்படத்தின் வாயிலாகவே எம்.கே. தியாகராச பாகவதர் திரையுலகில் அறிமுகமானார்.

கள்ளக்குறிச்சியில் வாழும் பாரதம்

அச்சு நூலுக்கு வெளியிலும் இவ்வுலகம் விரிந்து கிடக்கிறது. வடதமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதம் படிக்கப்படும். இரவில் தெருக்கூத்து நிகழும். அருச்சுனன் தபசு மரத்தில் ஏறுவதும், களிமண்ணால் கிடத்தப்பட்ட துரியோதனன் உருவின்முன் படுகளம் நிகழ்வதும், தீமிதியும் கதையைச் சடங்காக்குகின்றன. திரௌபதிக்குக் காவலனாகப் போர்மன்னனும், அவனோடு முத்தால ராவுத்தன் என்னும் இசுலாமிய வீரனும் கோயில்களில் நிற்பர். இவ்விருவரையும் வியாசர் அறியார்.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ளது கூவாகம். அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலின் சித்திரை விழாவில் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராகத் தாலி ஏற்கின்றனர். அரவான் பலியானபின் தாலி அறுத்துக் கைம்மைக் கோலம் பூணுகின்றனர். ஒரு கதைமாந்தனின் இறப்புக்காக இன்றும் மெய்யாகவே அழும் மக்கள் இருக்கின்றனர் எனில், அக்கதையைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கூறி ஒதுக்க இயலாது.

ஒருவர் உழைப்பும் அதன் எல்லையும்

கதைமாந்தரை அகரவரிசையில் தொகுக்கும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டுகள் தனியொருவராக உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910இல் மதுரைத் தமிழ்ச்சங்க வெளியீடாக வந்தது. புராண, இலக்கிய, வரலாற்றுப் பெயர்களுக்கெல்லாம் விளக்கம் தரும் அப்பேரகராதிக்குத் தமிழுலகம் என்றும் கடன்பட்டுள்ளது. எனினும் அதன் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு வெளிவர 1934 வரை, அஃதாவது 24 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சேறிய நூலில் ஒரு சொல்லைத் திருத்தவும் அடுத்த பதிப்பு வரவேண்டும். ஊருக்கு ஊர் வேறுபடும் கூத்துமரபையெல்லாம் ஒருவர் நேரில் கேட்டு எழுதுவதும் அரிது.

இவ்விரு எல்லைகளையும் கடக்கும் கருவியே விக்கி. 1995இல் அமெரிக்கக் கணிப்பொறியாளர் வார்டு கன்னிங்காம் இம்முறையை உருவாக்கினார். 'விரைவு' எனப் பொருள்படும் அவாய் மொழிச் சொல்லே அதன் பெயராயிற்று. 2001இல் ஆங்கில விக்கிப்பீடியாவும் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின. அதே 2003இல் 'ஸ்டார் டிரெக்' என்னும் அறிவியல் புனைவுத் தொடருக்கு அதன் சுவைஞர்களே 'மெமரி ஆல்ஃபா' என்னும் தனிக் களஞ்சியத்தைத் தொடங்கினர். பிற மொழியினர் தம் காலத்துக் கற்பனைக்குத் தரும் மதிப்பைத் தமிழர் தம் நெடுநாள் கதைக்குத் தருவதில் தடையில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றியமை, கூட்டுழைப்புக்கு நம்மிடையே உள்ள நற்சான்று.

தெரிந்து தெளிவோம்

விக்கியில் ஒவ்வொரு பெயருக்கும் தனிப்பக்கம் உண்டு. பக்கத்தில் வரும் பிற பெயர்கள் அவற்றுக்குரிய பக்கங்களோடு இணைக்கப்படும். 'தொகு' என்பதை அழுத்தித் திருத்தலாம். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பதை 'வரலாறு' காட்டும். கருத்து வேறுபாடுகள் 'பேச்சு' பக்கத்தில் விவாதிக்கப்படும். ஒத்த பக்கங்கள் 'பகுப்பு' என்பதன்கீழ் ஒருங்கே நிற்கும்.

அரவான்: ஒரு பக்கத்தின் அமைப்பு

இக்களஞ்சியத்தில் அரவான் பற்றிய பக்கம் எவ்வாறு அமையும் எனக் காண்போம். பெயர்: அரவான், வேறு பெயர்கள்: இராவான், கூத்தாண்டவர். தந்தை அருச்சுனன்; தாய் நாககன்னிகை உலூபி. இதுவரை சிக்கலில்லை. 'இறப்பு' என்னும் தலைப்பை எழுதும்போதே இடர் எழுகிறது. வடமொழிப் பாரதத்தில் அவன் போரின் எட்டாம் நாள் அலம்புசனோடு பொருது மடிகிறான். தமிழ் மரபிலோ, போர் தொடங்குமுன் பாண்டவர் வெற்றிக்காகக் காளிக்குத் தன்னையே பலி தருகிறான். பலிக்குப்பின் போரைக் காணும் வரம் பெற்றான் என்பது ஒரு செய்தி. இறக்குமுன் மணம் வேண்டினான், மோகினியாக வந்த கண்ணனை மணந்தான் என்பது மற்றொரு செய்தி. பின்னதே கூவாகச் சடங்கின் உயிர்.

அச்சகராதியைத் தொகுப்பவர் இவற்றுள் ஒன்றை முதன்மையாக்கி, மற்றவற்றைச் சுருக்கவோ விடவோ நேரிடும். விக்கியில் அந்நெருக்கடி இல்லை. ஒவ்வொரு வடிவத்தையும் அதன் மூலத்தோடு தனித்தனியே நிறுத்தலாம். எது சரி என்னும் வினா விலகி, எது எங்கே வழங்குகிறது என்னும் வினா முன்வருகிறது. நாட்டார் கதையைப் பொறுத்தவரை பின்னதே பொருளுள்ள வினா.

மலை தரும் பாடம்

மாவட்டத்தின் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக எழுந்து நிற்பது கல்வராயன்மலை. 1976இல்தான் இம்மலைப்பகுதி ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசின் நேரடி நிருவாகத்துக்கு வந்தது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். மலையில் வாழ்வதால் இப்பெயர் பெற்றனர். தம் முன்னோரான அண்ணன் தம்பி மூவர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அவர்களின் தோற்றக்கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. மூத்தவர் குடியேறிய மலை சேர்வராயன் என்பது ஒரு வழக்கு. கல்வராயன் என்பது மற்றொரு வழக்கு.

இது அல்லி வரிசையைச் சேர்ந்த கதையன்று. ஆயினும் வாய்மொழிக் கதையின் இயல்பை இது தெளிவாக்குகிறது. மாறுபாடு அதன் பிழையன்று; ஒவ்வொரு மலையினரும் கதையைத் தமதாக்கிக் கொண்டதன் அடையாளம். அதனை ஒரே வடிவமாகச் சமன்படுத்துவது ஒரு சாராரின் நினைவை அழிப்பதாகும்.

தொகுப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை

யார் வேண்டுமானாலும் எழுதலாம் எனில் தவறுகள் நுழையாவோ என்னும் ஐயம் இயல்பானது. தவறுகள் நுழையும், வரலாற்றுப் பக்கமும் பிறர் கண்காணிப்பும் அவற்றைக் காட்டிக் கொடுக்கும். எனினும் சில நெறிகள் இன்றியமையாதன. அச்சு நூலிலிருந்து எடுத்ததற்குப் பதிப்பாளர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைத் தருதல் வேண்டும். கூத்தில் கேட்டதற்கு ஊர், நாள், நிகழ்ந்த கூத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். கலைஞரின் ஒப்புதலின்றி ஒலிப்பதிவோ படமோ வெளியிடுதல் கூடாது. சடங்கு நிகழும் இடத்தில் படப்பிடிப்பைவிட அங்குள்ளோரின் விருப்பமே முதன்மையானது. கேட்டது வேறு, தாம் கருதியது வேறு எனப் பிரித்து எழுதுதல் எல்லாவற்றினும் தலையாயது.

பெரிய எழுத்து நூல்களின் மலிவுத்தாள் பழுத்து நொறுங்கி வருகிறது. அச்சேறாத கூத்துப் பாடலோ அதனைப் பாடுவோரின் நினைவில் மட்டுமே உள்ளது. கற்றுக்கொள்ள மாணாக்கர் இல்லையேல் அவரோடு முடிந்துவிடும். சங்க இலக்கிய ஏடுகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் ஊரூராக அலைந்தார். இன்று தேட வேண்டியவை ஏட்டில் இல்லை. திருவிழாவில் விடியும்வரை விழித்திருப்போரின் செவியில் உள்ளன. அக்கூத்தைக் கேட்டு வளர்ந்த ஊர்களிலிருந்தே இக்களஞ்சியத்தின் முதற்பக்கங்கள் எழுதப்பட வேண்டும். அல்லியின் கதையைக் காத்தவர்கள் அதனைப் படித்தவர்களும் கேட்டவர்களுமே. அதனைத் தொகுக்கும் உரிமையும் கடமையும் அவர்களுடையனவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வழங்கும் பாரதக் கதைமாந்தர் ஒருவரைப் பற்றி மூத்தோரிடம் கேட்டு, கேட்ட இடம், நாள் ஆகியவற்றுடன் விக்கிப் பக்க வடிவில் எழுதுக.

2. ஒரே கதை இரு வேறு வடிவங்களில் வழங்குவதற்குச் சான்று தேடி, வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.

3. 'ஒருவர் தொகுக்கும் அகராதியும் பலர் தொகுக்கும் களஞ்சியமும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.