சாய்கோடும் தரவுத்தளமும்

மேற்கோள் குறிகளுக்குள் ஒரு தொடரை எழுதுகிறோம். அத்தொடருக்குள்ளேயே ஒரு மேற்கோள் குறி வரவேண்டுமானால் என்செய்வது? படிக்கும் மனிதன் இடமறிந்து பொருள் கொள்வான். கணிப்பொறியோ, அக்குறியைக் கண்டவுடனே தொடர் முடிந்தது என்று கொண்டுவிடும். ஆகவே, அடுத்து வருவதை வழக்கமான பொருளில் கொள்ளாதே என்று முன்கூட்டிச் சொல்ல ஓர் அடையாளம் தேவையாயிற்று. அதுவே எஸ்கேப் குறி. பெரும்பாலும் இப்பணியைச் செய்வது பேக்ஸ்லாஷ் எனப்படும் பின்சாய்கோடு. 1963-இல் வெளிவந்த ஆஸ்கி எழுத்துக் குறியீட்டில் அதற்கு இடம் தேடித் தந்தவர் பாப் பீமர் என்னும் அமெரிக்கர். அவர் அதை வேண்டியதோ வேறொரு காரணம் பற்றி. ஆல்கால் என்னும் கணிப்பொறி மொழியின் தருக்கக் குறிகளை இரு சாய்கோடுகளை இணைத்து அமைக்கலாம் என்பதே அவர் எண்ணம்.

இச்சாய்கோட்டுக்கு இரு தொழில்கள் உண்டு. மேற்கோள் குறியின் முன் நின்றால் அதன் ஆற்றலை நீக்கி வெறும் எழுத்தாக்கும். சிறிய 'டி' என்னும் ஆங்கில எழுத்தின் முன் நின்றாலோ, இரண்டும் கூடி டேப் என்னும் இடைவெளியாகிவிடும். தொல்லை தொடங்குவது இங்கேதான்.

மாணவ நண்பர்களே, மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தைப் பார்ப்போம். கட்டளைகளைத் தட்டச்சு செய்து சர்வருக்கு அனுப்ப, அதனுடன் ஒரு கிளையண்ட் நிரல் வருகிறது. விண்டோஸ் கணிப்பொறியிலுள்ள 'டெம்ப்' என்னும் கோப்புறையின் முகவரியை ஒருவர் அதன் வழியே பதிவு செய்கிறார். சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, டி, இ, எம், பி என எழுத்துகள் ஏழு. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. ஆனால் உள்ளே சென்றவை ஆறே! சாய்கோடும் டி-யும் ஒரு டேப்பாகிவிட்டன. அம்முகவரியைக் கொண்டு கோப்பைத் தேடும் நிரல் அதை என்றுமே காணாது.

ஐயமுற்ற அவர், கிளையண்டைத் தொகுப்பு முறையில் இயக்கிப் பதிவைப் பார்க்கிறார். அம்முறையில் பத்திகளைப் பிரிப்பது டேப்; ஆதலால் தரவுக்குள் கிடக்கும் டேப்பைக் கிளையண்ட் மீண்டும் சாய்கோடு, டி என மாற்றி எழுதுகிறது. கெட்டுப்போன பதிவு திரையில் செம்மையாகத் தோன்றுகிறது! இன்னொருவர் முறைப்படி சாய்கோட்டை இரட்டித்துச் சரியாகவே பதிவு செய்திருப்பார். அவருக்குத் திரை இரண்டு சாய்கோடுகளைக் காட்டும். ஒன்று மிகை என்று எண்ணி அவர் அதை நீக்கினால், நல்ல பதிவும் கெட்டது.

இவ்விடத்தில் கண்ணை நம்பலாகாது. எண்ணைக் கேட்க வேண்டும். லெங்த் என்னும் சார்பு நீளத்தைச் சொல்லும்: ஏழா, ஆறா? ஹெக்ஸ் என்னும் சார்பு ஒவ்வோர் எழுத்தின் எண்ணையும் தரும். 5சி என்று வந்தால் சாய்கோடு. 09 என்று வந்தால் டேப். இலக்கங்களை எந்த நிரலும் இடைவழியில் திரிப்பதில்லை.

முகவரி சாய்கோட்டிலேயே முடிந்தால் நிகழ்வது வேறு. இறுதி மேற்கோள் குறி ஆற்றல் இழக்கும். தொடர் முடியவில்லை என்றெண்ணிக் கிளையண்ட் ஒரு மேற்கோள் குறியைக் காட்டி மேலும் காத்திருக்கும். இப்பிழை தன்னைத் தானே அறிவித்துவிடுவதால் தீங்கு குறைவு. லைக் என்னும் தேடலிலோ சர்வர் இருமுறை சாய்கோட்டை உரிக்கும். எனவே ஒன்றைத் தேட நான்கு எழுத வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தார் வேறு வழி கண்டனர். 2011-இல் வந்த 9.1 பதிப்பு முதல், சாதாரண மேற்கோளுக்குள் சாய்கோடு இயல்பாகவே வெறும் எழுத்து. எஸ்கேப் வேண்டுவோர் மேற்கோளின் முன் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தை இட்டு, வெளிப்படையாகக் கேட்க வேண்டும். என் கருத்தில் இதுவே நேரிய ஏற்பாடு.