ஓட்டிசமுள்ள இளையோரும் உணர்ச்சியை ஆளும் பயிற்சியும்

நமது நாட்டில் நகரை அண்டிய சமூகமொன்றில் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2009 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்படுவதாகத் தெரிவித்திருந்தது. அன்று தத்தித் தத்தி நடந்த அக்குழந்தைகள் இன்று வளர்ந்த இளைஞர்களாகவும் யுவதிகளாகவும் ஆகிவிட்டனர். ஓட்டிசம் பற்றிய நமது பேச்சோ மழலைப் பருவத்தை விட்டு இன்னமும் நகரவில்லை. பதினாறு வயது மகன் திடீரெனக் கத்திக் கதவை உடைக்கும்போது செய்வதறியாது தவிக்கும் தாய்க்கு, 'சின்னனிலேயே அடித்து வளர்த்திருக்க வேண்டும்' என்ற அயலவரின் அபிப்பிராயம் மாத்திரமே கிடைக்கின்றது.

அந்தக் கொந்தளிப்பு வேண்டுமென்று செய்யப்படுவதல்ல. பாடசாலை மணியோசை, பஸ்ஸின் நெரிசல், திருமண வீட்டு ஒலிபெருக்கி, முன்னறிவித்தலின்றி மாறிய ஒரு பயணம் என்பன காலை முதல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, மாலையில் ஓர் அற்ப காரணத்தால் வெடிக்கின்றன. இதற்கு மேலாக, தம்முள் எழும் உணர்ச்சி இன்னதென்று இனங்காண்பதே இவர்களில் பலருக்குக் கடினமாகும். அலெக்சிதைமியா எனப்படும் இந்நிலை ஓட்டிசமுள்ளோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் உண்டென 2019 இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகின்றது. ஏனையோரில் இது நூற்றுக்கு ஐவர் அளவிலேயே உள்ளது. கோபம் வருகின்றதென்று அறியாத ஒருவனிடம் 'கோபத்தை அடக்கு' என்று சொல்வதில் என்ன பயன்?

நமது மொழியும் இங்கு ஓர் இடறலாக அமையலாம். 'வயிறு எரிகிறது', 'நெஞ்சு வெடிக்கிறது' என்றெல்லாம் நாம் சர்வசாதாரணமாகப் பேசுகின்றோம். சொற்களை நேர்ப்பொருளிலேயே கொள்ளும் பிள்ளை வயிற்றில் நெருப்பைத் தேடக்கூடும்.

ஆகவேதான் இன்றைய சிகிச்சை முறைகள் அடக்குவதிலிருந்தன்றி, அறிவதிலிருந்து தொடங்குகின்றன. எண்ணம், உடல், செயல் ஆகியவற்றுக்கிடையிலான தொடர்பைப் புரியவைக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சை இவற்றுள் முதன்மையானது. எனினும் அது இவர்களுக்கேற்ப மாற்றப்பட வேண்டும். பிரிட்டனின் நைஸ் எனப்படும் சுகாதார வழிகாட்டல் நிறுவனம் 2013 இல் வெளியிட்ட நெறிமுறையில், பதகளிப்புள்ள சிறுவர், இளையோருக்கு இச்சிகிச்சையை வழங்குகையில் உணர்ச்சிகளை இனங்காணப் பயிற்றுதல், பேச்சைக் குறைத்து எழுத்தையும் படங்களையும் கூடுதலாகப் பயன்படுத்தல், இடைக்கிடை ஓய்வு, பெற்றோரின் பங்களிப்பு, பிள்ளை விரும்பும் விடயத்தையே பாடமாக்கல் ஆகியவற்றை விதந்துரைத்தது. ரயில்களில் மூழ்கிக் கிடப்பவனுக்குக் கோபத்தின் படிநிலைகளை ரயிலின் வேகமாகக் காட்டலாம். இது எமக்கு மிகவும் பிடித்த யோசனை.

ஐக்கிய அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் கார்லா மசெஃப்ஸ்கி குழுவினர் உருவாக்கிய 'ஈஸ்' என்னும் திட்டம் பதின்ம வயதினரை மனங்கொண்டு வகுக்கப்பட்டது. 16 வார காலத்தில், மூச்சையும் உடலின் மாற்றங்களையும் கவனிக்கவும், கொதிநிலைக்கு முன்னரே சற்றுத் தாமதிக்கவும், மாற்று வழியொன்றைத் தெரியவும் பழக்குகின்றது. 12 முதல் 17 வயதுக்குட்பட்ட 20 பேருடன் நடந்த முன்னோடி ஆய்வில் உணர்ச்சிக் கட்டுப்பாட்டுடன் பதகளிப்பும் மனச்சோர்வும் சீரடைந்தன. எனினும் 20 பேர் என்பது சிறு தொகை. ஒப்பிடுவதற்கு வேறு குழுவும் அதில் இருக்கவில்லை. அத்துடன் இத்தகைய முறைகள் பெரும்பாலும் பேசக்கூடிய இளையோரையே கருத்திற் கொண்டவை. பேச்சில்லாத பிள்ளைகளின் பெற்றோர் இங்கும் பின்வரிசையிலேயே நிற்கின்றனர்.

கடும் எரிச்சலுக்கு மருந்துகளும் உள்ளன. அமெரிக்காவில் 2006 இல் ரிஸ்பெரிடோனும் 2009 இல் அரிப்பிபிரசோலும் இதற்கென அங்கீகரிக்கப்பட்டன. ஆயினும் உடற்பருமன், தூக்கக் கலக்கம் போன்ற பக்க விளைவுகளை ஏற்படுத்தக்கூடிய இவை ஓட்டிசத்தைக் குணப்படுத்துபவையல்ல. வைத்தியரைக் கேளாமல் தொடங்கவோ திடீரென நிறுத்தவோ கூடாது. கோயிலில் நூல் கட்டுவதையும் பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பதையும் நாம் குறைகூற வரவில்லை. அவை தாயின் மனதுக்கு ஆறுதலாகலாம். மகனுக்கான பயிற்சி அதனாற் பின்போடப்படலாகாது.

அதேவேளை, எல்லாப் பாரத்தையும் பிள்ளையின் தலையிலேயே சுமத்திவிடவும் முடியாது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைப்பதற்கும், வகுப்பறையிலிருந்து ஐந்து நிமிடம் வெளியேற அனுமதிப்பதற்கும், நாளைய பயணத்தை இன்றே படமாக வரைந்து சுவரில் ஒட்டுவதற்கும் நிபுணர் எவரும் தேவையில்லை. உணர்ச்சிகளைக் கற்பிக்கும் படங்களையும் பயிற்சித் தாள்களையும் நம் வீடுகளிற் பேசப்படும் தமிழில், வடக்கு, கிழக்கு, மலையகம் என ஒவ்வொரு பிரதேசப் பேச்சுக்கும் ஏற்ப ஆக்கும் பணிக்கு நமது பல்கலைக்கழகங்களின் உளவியல், கல்வியியல் துறையினரே பொருத்தமானவர்கள். ஒரு வருட மாணவர் செயற்றிட்டமாகக் கூட அதனைத் தொடங்கலாம்.