எதிராளி சம்மதித்தால்தான் வக்கீல்

துறையூர்த் தாலுகாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பச்சைமலையில், டாப் செங்காட்டுப்பட்டியையும் தாண்டி உள்ளே ஊர். கீழே ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த அவருடைய தம்பியை ஒரு நாள் கேட்டிலேயே நிறுத்தி, இனிமேல் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்குச் சாதியைச் சொல்லி நாலு பேர் முன்னால் திட்டியிருக்கிறார்கள். 'ஜெய் பீம் படத்தில் வருகிற மாதிரி அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் வேண்டும். எங்கே கிடைப்பார், எவ்வளவு கேட்பார்?' என்று கடிதம் முடிகிறது.

அந்தப் படத்து வக்கீலுக்கு மூலமான கே. சந்துரு 1951-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். படம் எடுத்துக்கொண்டது 1993-ல் விருத்தாசலம் பக்கம் நடந்த ராஜாக்கண்ணு காவல் மரண வழக்கை. ஆனால் சந்துருவின் அனுபவத்தில் பெரும்பகுதி சேர்ந்த இடத்தைப் படம் அதிகம் காட்டவில்லை. சென்னையில் 'ராவ் அண்ட் ரெட்டி' என்ற அலுவலகத்தில் எட்டு ஆண்டுகள் இருந்தார். தொழிற்சங்க வழக்குகளுக்குப் பேர்போன அலுவலகம் அது. அதை நிறுவிய வி.ஜி. ராவ் பெயரில் ஒரு புகழ்பெற்ற தீர்ப்பே உண்டு. அவர் பொதுச்செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தை அன்றைய சென்னை அரசு சட்டவிரோதம் என்று அறிவிக்க, சங்கம் வைக்கும் உரிமைக்கு அது முரண் என்று 1952-ல் உச்ச நீதிமன்றம் அரசின் கையைக் கட்டியது. கூலிப் பிரச்சினையும் குடிமை உரிமைப் பிரச்சினையும் ஒரே மேசையில் வந்து விழுந்த காலம். இன்றும் மலையிலிருந்து வேலைக்கு இறங்குகிற ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. இந்தக் கடிதமே அதற்குச் சாட்சி.

நீதிமன்றம், வக்காலத்து, வாய்தா இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வேலை போனால் முதலில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு, பேச்சு முறிந்தால் தொழிலாளர் நீதிமன்றம் என்பதும் ஓரளவு தெரிந்ததே. எனக்கு ரொம்ப நாளாக வியப்பூட்டுகிற ஒரு சங்கதி இதற்குள் ஒளிந்திருக்கிறது. கொலைக் குற்றவாளிக்கு வக்கீல் வைக்க யாரையும் கேட்க வேண்டாம். வேலை போனவர் தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல் வைக்க வேண்டுமானால் எதிராளி சம்மதிக்க வேண்டும்!

1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், பிரிவு 36. சமரசப் பேச்சுக்கு எந்தத் தரப்பிலும் வக்கீல் வரவே கூடாது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் இரண்டும் இருந்தால்தான் வரலாம். தொழிலாளிக்காகப் பேச, பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகிக்கு யார் அனுமதியும் தேவையில்லை. முதலாளிக்காக முதலாளிகள் சங்கத்தின் அலுவலர் அப்படியே வரலாம்.

ஏன் இப்படி எழுதினார்கள் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. ஆலை முதலாளி சென்னையிலிருந்து பெரிய பாரிஸ்டரை ரயிலேற்றிக் கூட்டிவருவார். நெசவுக்கூடத்துத் தொழிலாளியால் முடியுமா? வக்கீல் வந்தால் ஆட்சேபணை, வாய்தா என்று வழக்கு இழுபடும். பட்டினியை இழுத்துப் பிடிக்க முடியாதவர் தோற்பார். தகராறு நடந்த இடத்தைத் தெரிந்த இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசட்டும் என்று நினைத்தார்கள். நல்ல நினைப்புதான்.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? வக்கீலையே சங்கத்தின் அலுவலராக்கிக் கூட்டிவந்தார்கள். ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துத் தொழிலாளர் தகராறில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976-ல் தீர்ப்பு வந்தது. வெறும் அதிகாரப் பத்திரத்தை நீட்டிக்கொண்டு வக்கீல் உள்ளே வர முடியாது. ஆனால் அவர் சங்கத்தின் அலுவலராக இருந்தால் அந்தப் பதவியின் பேரில் வரலாம், வக்கீல் என்பதற்காகத் தடுக்க முடியாது என்றது. தொழிற்சங்க நிர்வாகியாக இருக்கும் வக்கீலுக்கும் இதே கதவு திறந்திருக்கிறது. நடைமுறையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஆளுக்கொரு வக்கீல் வைத்துக்கொள்வது சகஜமாகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நாம் முதலில் வக்கீலைக் கொண்டு நிறுத்தினால், எதிர்த்தரப்பு வக்கீலை ஆட்சேபிக்கும் வாய்ப்பு நம் கையைவிட்டுப் போய்விடும். விஷயம் தெரிந்த வக்கீல் இதை முதல் நாளே சொல்வார். மனுவைத் தாம் எழுதித் தந்து, உள்ளே வாதிடப் பழுத்த சங்கக்காரர் ஒருவரை அனுப்பச் சொல்கிறவராகக்கூட இருப்பார்.

புதுச் சட்டம் வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். ஆமாம், 2020-ல் நிறைவேறிய தொழிலுறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் பதில் இரண்டு உறுப்பினர் தீர்ப்பாயம் என்கிறது அது. வக்கீலுக்குப் போட்ட வேலி மட்டும் அப்படியே நிற்கிறது. சுருங்கியது காலக்கெடு. வேலைநீக்கத்தைக் கேட்கப் பழைய சட்டத்தில் 3 ஆண்டு இருந்தது, இப்போது 2 ஆண்டு. மழைக்குப் பிறகு பார்க்கலாம், மரவள்ளி பிடுங்கின பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட இனி இடமில்லை.

சரி, வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது? விளம்பரத்தைப் பார்த்து முடியாது. வழக்கறிஞர் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இணையத்தில் நட்சத்திரம் போட்டு வக்கீல்களை வரிசைப்படுத்தும் தளங்களையும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. எங்கள் அத்தை காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போது மினுமினுப்பைப் பார்க்கவே மாட்டார், காம்பைத்தான் பார்ப்பார். வக்கீலின் காம்பு, அவர் முதலில் கேட்கிற கேள்வி. எத்தனை வழக்கு ஜெயித்தேன் என்று பேச ஆரம்பிப்பவரைவிட, 'கடைசியாக எந்தத் தேதியில் உள்ளே போனாய்? பி.எஃப். நம்பர் இருக்கிறதா? எதிலாவது கையெழுத்துப் போட்டாயா?' என்று கேட்பவர் எனக்கு உசத்தி.

ஏனென்றால் இந்த வழக்குகள் 240 என்ற எண்ணில் தொங்குகின்றன. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை அறிவிப்பும் நஷ்ட ஈடும் இல்லாமல் ஆட்குறைப்பு செய்ய முடியாது. அந்த 240 நாளை நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி. 2002-ல் ஒரு வனச்சரகர் தொடுத்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. வேலை பார்த்தேன் என்று சத்தியம் செய்தால் மட்டும் போதாது என்றது. வருகைப் பதிவேடோ முதலாளியின் பீரோவில். அனுபவமுள்ளவர் அங்கேதான் வேலையைத் தொடங்குவார்: பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி முறைப்படி மனுப் போடுவார், பி.எஃப். பாஸ்புக்கில் மாதத்தை எண்ணுவார், இ.எஸ்.ஐ. சீட்டையும் வங்கிக் கணக்கில் விழுந்த கூலியையும் அடுக்குவார். நம் ஆட்கள் சம்பளச் சீட்டில் வடை மடித்துத் தின்றுவிட்டு, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய வெள்ளைத் தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த பிறகு வக்கீலைத் தேடுகிறார்கள். எந்தச் சந்துரு வந்தாலும் அந்தத் தாளோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

இன்னொன்றும் அவர் கேட்க வேண்டும்: முன்பணம் வாங்கினாயா? மலையிலிருந்து செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமாகப் போகிறவர்களுக்கு வழியே வேறு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலை கட்டாய உழைப்பு என்று 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில், இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது. துறையூர்க்காரருக்கு அந்தக் கதவு முசிறி கோட்டாட்சியர் அலுவலகம். அதை விட்டுவிட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் காத்திருக்க வைக்கிறவரை அனுபவசாலி என்று எப்படிச் சொல்வது?

கட்டணத்துக்கு வருவோம். கிடைக்கிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. காசே கொடுக்காமல் வக்கீல் பெறவும் சட்டத்தில் வழி இருக்கிறது. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12: பட்டியல் பழங்குடியினர், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், கட்டாய உழைப்புக்கு ஆளானவர்கள் இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமல் இலவச உதவி. பச்சைமலையின் மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தி மில் வேலைக்குப் போனால் மூன்று வகையில் தகுதி பெறுகிறாள். கேட்கிறவர்தான் குறைவு. இலவச வக்கீல் என்றால் இளப்பம் என்ற எண்ணம் ஒரு பக்கம், ஏனோதானோ என்று வழக்கு நடத்தி அந்த எண்ணத்தை வளர்த்த சிலர் மறுபக்கம். தொலைபேசி எண் 15100. சாதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். மலையாளி பழங்குடிக்குப் பட்டியலில் மாவட்டப் பெயரும் சேர்த்தே எழுதியிருக்கிறது. திருச்சி அதில் உண்டு. ஈரோட்டு மலைகளில் வாழும் அதே மலையாளிகளுக்கு அந்த வசதி இல்லை என்பது தனிக் கொடுமை.

இனி, கேட்டில் விழுந்த சாதி வசவு. அதைத் தொழிலாளர் நீதிமன்றம் விசாரிக்காது. 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். வழக்கு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். பிறர் கண்ணில் படும் இடத்தில், அவர்கள் காதுபட நடந்தது என்பதைக் காட்டச் சாட்சி தேவை, ஆகவே அன்று கேட்டில் நின்ற ஷிப்ட் ஆட்களின் பெயரை மறப்பதற்குள் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இதே மலையாளி மக்கள் வாழும் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் அரசு ஊழியர்கள் ஊராருக்கும் பெண்களுக்கும் இழைத்த கொடுமைக்கு 2011 செப்டம்பரில்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்; மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பெண்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் வக்கீல்களும் பெயர்களையும் முகங்களையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் நின்ற வழக்கு அது.

இந்த வகை வழக்கில் வாதாடுவது அரசு வழக்கறிஞர். அவர் மீது நம்பிக்கை இல்லாவிட்டால்? வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 4(5) இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பிக் கேட்டால், புகழ்பெற்ற மூத்த வழக்கறிஞர் ஒருவரை மாவட்ட ஆட்சியர் நியமிக்கலாம். தக்க கட்டணத்தை அரசே தரும். வாசகர் கேட்ட 'ஜெய் பீம்' வக்கீலுக்குச் சட்டத்தில் இருக்கும் நேர்வழி இதுதான். தானாக நடக்காது, எழுத்தில் கேட்க வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவில் விதி எண்ணைக் குறிப்பிட்டு, இன்ன வழக்கறிஞர் வேண்டும் என்று பெயரையும் எழுதி, அவர் ஒப்புக்கொண்ட கடிதத்தையும் இணைத்துக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.