வகுப்புப் பயிற்சியாகத் தொடங்கிய சுவர்

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர்வீரர் நினைவகம், 1980ஆம் ஆண்டின் பிற்பாதியில் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சிறிய வகுப்பில் உருவானது. அதை வடிவமைத்த மாயா லின் அப்போது இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தார். போட்டிக்கு அதை அனுப்பியபோது அவருக்கு வயது 21. ஒரு மாணவரின் பயிற்சி வரைபடம் ஒரு நாட்டின் தலைநகரில், அதன் மிக முக்கியமான திடலில் கல்லாக நிலைத்து நிற்பது அரிதிலும் அரிது. அந்த வடிவம் எப்படித் தோன்றியது, யார் கேட்ட கேள்வியால் மாறியது என்பதையெல்லாம் மாயா லின் பிற்பாடு விரிவாக எழுதியிருக்கிறார். எனவே ஒரு மாணவரின் எண்ணம் வளர்ந்த பாதையை அடி அடியாகப் பின்தொடர முடிகிறது.

அந்த வகுப்பின் பொருள் இறந்தோருக்கான கட்டடக்கலை. கல்லறைகள், நினைவுத் தூண்கள், சமாதிகள் ஆகியவற்றை மனிதர்கள் எப்படிக் கட்டினார்கள், அவற்றுக்குள் எப்படி நடமாடினார்கள் என்பதே பாடம். மாணவர்களே விரும்பிக் கேட்டுத் தொடங்கிய வகுப்பு அது. ஆண்ட்ரஸ் பர் என்ற பேராசிரியர் நடத்தினார். மாயா லினுக்கு இந்த விஷயத்தில் முன்பே ஈடுபாடு இருந்தது. டென்மார்க்கில் படித்த நாட்களில், கோபன்ஹேகன் நகரின் நடுவே உள்ள பெரிய கல்லறைத் தோட்டம் அவரைக் கவர்ந்தது. அங்கே மக்கள் நடைபழகுகிறார்கள், வெயில் காய்கிறார்கள், குழந்தைகளை அழைத்து வருகிறார்கள். இறந்தவர்களின் இடம் ஊருக்கு வெளியே ஒதுக்கப்படாமல் ஊரின் அன்றாடத்தில் ஒன்றாக இருந்தது.

வகுப்பில் முதலில் கொடுக்கப்பட்ட பயிற்சிகளில் ஒன்று, மூன்றாம் உலகப் போருக்கு ஒரு நினைவுச்சின்னம். அப்படி ஒரு போர் நடந்தால் அதை நினைவுகூர யாரும் மிஞ்சமாட்டார்கள் என்ற எண்ணத்தில், பூமிக்கு அடியில் இறங்கும் இருண்ட அமைப்பு ஒன்றை மாயா லின் வடிவமைத்தார். அதன் பிறகுதான் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்கான நினைவகப் போட்டியின் அறிவிப்பு மாணவர்களின் கண்ணில் பட்டது. அதையே பருவத்தின் இறுதிப் பயிற்சியாக எடுத்துக்கொள்வதென வகுப்பு முடிவு செய்தது. பூமிக்குள் இறங்குவது என்ற எண்ணம் முந்தைய பயிற்சியிலேயே வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். ஒரு பயிற்சியில் பாதி விளங்கிய விஷயம் அடுத்த பயிற்சியில் முழுதாக வெளிப்படுவது கட்டடக்கலை மாணவர்களிடம் அடிக்கடி நடப்பதுதான்.

போட்டியை நடத்தியது, போரில் பங்கேற்ற ஜான் ஸ்க்ரக்ஸ் என்பவர் 1979இல் மற்ற முன்னாள் வீரர்களோடு சேர்ந்து தொடங்கிய நிதியம். நிபந்தனைகள் சில மட்டுமே: நினைவகம் அமைதியாகச் சிந்திக்க இடம் தர வேண்டும், சுற்றுப்புறத்தோடு இசைந்து போக வேண்டும், இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் எல்லாருடைய பெயரும் இடம்பெற வேண்டும், போர் சரியா தவறா என்ற அரசியல் கருத்து எதையும் சொல்லக்கூடாது. 57 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை ஓரிடத்தில் பொறிக்க வேண்டும் என்ற நிபந்தனையே அந்தப் போட்டியின் ஆகக் கடினமான கணக்கு. போட்டியாளர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரு சின்னத்தை யோசித்து, பெயர்களை அதன் மேல் எங்காவது எழுத இடம் தேடியிருப்பார்கள். மாயா லின் பெயர்களையே சின்னமாக்கினார்.

அந்த முடிவுக்கு அவர் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தார். யேல் வளாகத்தில் உல்சி ஹால் என்ற கட்டடம் இருக்கிறது. அதன் வட்டக்கூடத்தின் பளிங்குச் சுவர்களில், போர்களில் உயிரிழந்த முன்னாள் மாணவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாயா லின் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் வியட்நாமில் இறந்தவர்களின் பெயர்களைச் சிற்பிகள் அங்கே செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயர்களைத் தொட்டுப் பார்க்காமல் அவரால் கடந்துபோக முடிந்ததில்லை. இன்னொன்று, பிரான்சின் சொம் பகுதியில் தீப்வால் என்ற ஊரில் எட்வின் லட்யன்ஸ் கட்டிய நினைவு வளைவு. முதல் உலகப் போரில் உடல்கூடக் கிடைக்காமற்போன 72 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. கலை வரலாற்றுப் பேராசிரியர் வின்சென்ட் ஸ்கல்லி தம் வகுப்பில் அந்த வளைவினுள் நடந்துபோகும் அனுபவத்தை விவரித்தது மாயா லினின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. டெல்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்தவரும் இதே லட்யன்ஸ்தான். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதன் கற்களில் உள்ளன. வென்ற மன்னனையோ தளபதியையோ உயர்த்திக் காட்டுவதை விட்டு, இறந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூரும் வழக்கம் முதல் உலகப் போருக்குப் பின் பரவலாக வலுப்பெற்றது. மாயா லின் அந்த வழக்கத்தைப் படித்து, அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனார்.

படிப்பு என்றால் எல்லாவற்றையும் படிப்பதல்ல. வியட்நாம் போரின் அரசியலைப் பற்றி அவர் வேண்டுமென்றே எதையும் படிக்கவில்லை. நினைவுச்சின்னங்களைத் தேடித் தேடிப் படித்தவர், போரைப் பற்றிய வாதங்களைத் தள்ளிவைத்தார். இது சோம்பல் அல்ல, தேர்வு. அரசியல் வேண்டாம் என்ற நிபந்தனையை அவர் மேலோட்டமாக எடுத்துக்கொள்ளாமல், தம் வேலைமுறைக்கே விதியாக்கிக்கொண்டார்.

1980 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் திருநாள் விடுமுறையையொட்டி, அவர் இடத்தைப் பார்க்கப் போனார். லிங்கன் நினைவகத்துக்கும் வாஷிங்டன் தூணுக்கும் நடுவில் மரங்கள் சூழ்ந்த புல்வெளி. ஒரு பக்கம் வாகன இரைச்சல். அங்கே நின்றபோதுதான் வடிவம் தோன்றியது: பூமியைக் கத்தியால் வெட்டித் திறந்ததுபோல ஒரு பிளவு. காலப்போக்கில் புல் மூடிக்கொள்ளும். ஆனால் வெட்டுப்பட்ட பக்கம் வழவழப்பாக, கண்ணாடிபோல அப்படியே நிற்கும். அதில் பெயர்கள்.

முதலில் இடம், பிறகு வடிவம் என்ற இந்த வரிசை முக்கியமானது. காகிதத்தில் ஒரு உருவத்தைப் போட்டுவிட்டு அதைக் கொண்டுபோய் இடத்தில் பொருத்திப் பார்க்கும் பழக்கம் மாணவர்களிடம் மிகுதி. மாயா லினின் வடிவமோ அந்தப் புல்வெளியிலிருந்து பிரிக்க முடியாதது. வேறு எந்தத் திடலிலும் அதற்கு இதே பொருள் வராது. ஏனென்றால் பிளவின் ஒரு கை லிங்கன் நினைவகத்தை நோக்கியும், மறு கை வாஷிங்டன் தூணை நோக்கியும் நீள்கின்றன. உள்ளே இறங்கி நிற்பவருக்கு நாட்டின் வரலாற்றில் மிகப் பெரிய இரண்டு பெயர்கள் இரு முனைகளிலும் தெரிகின்றன. எதிரே புகழ் பெறாத சாதாரண வீரர்களின் பெயர்ப் பட்டியல். வடக்கிலிருந்து வருகிறவருக்கு வெறும் புல்தரைதான் தெரியும். எந்த இடத்திலும் நினைவகம் தரைக்கு மேல் எழுவதில்லை.

ஊர் திரும்பியதும் வரைந்து பார்த்தார். ரொம்ப எளிமையாக இருக்கிறதே என்ற ஐயம் அவருக்கே வந்தது. நினைவகத்துக்குள் அழைத்துப்போவதுபோல் பெரிய கற்பலகைகள் சிலவற்றைச் சேர்த்தார். அவை ஒட்டவில்லை, எடுத்துவிட்டார். எதைச் சேர்த்தாலும் அந்தப் பிளவின் வலிமை குறைந்தது. பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் மசித்த உருளைக்கிழங்கில் முதல் மாதிரி செய்தார் என்று சொல்வார்கள். வகுப்புக்குக் களிமண்ணில் மாதிரி செய்தார். தந்தை ஹென்றி லின் மட்பாண்டக் கலைஞர். ஓஹையோ பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். மண்ணைக் கையால் பிசைந்து யோசிப்பது மாயா லினுக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்தே பழகிய வழி. பின்னாளிலும் அவர் வரைபடத்தைவிட மாதிரியையே அதிகம் நம்பினார்.

கட்டடக்கலைக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் முன்னால் வரைபடத்தையும் மாடலையும் வைத்து விளக்கும் நிகழ்ச்சியை நம் ஊர் மாணவர்கள் 'ஜூரி' என்பார்கள். அதை நினைத்தாலே பல மாணவர்களுக்கு வயிறு கலங்கும். ஆனால் இந்த வடிவமைப்பின் மிகச் சிறந்த திருத்தம் ஒரு ஜூரியில்தான் நடந்தது. பெயர்கள் இறந்த நாள் வரிசையில் வர வேண்டும் என்று மாயா லின் முதலிலிருந்தே உறுதியாக இருந்தார். தொடக்கத்தில் அந்த வரிசையை இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது ஓரத்தில் முடித்திருந்தார். பூர்வாங்க விமரிசனத்தின்போது ஒரு பேராசிரியர் கேட்டார்: அப்படியானால் இரண்டு சுவர்களும் கூடும் நடு முனைக்கு என்ன வேலை? அது பலவீனமான இடம் என்பது மாயா லினுக்கும் பட்டது. இறுதி விமரிசனத்துக்குள் வரிசையை மாற்றினார். இப்போது முதல் பெயர் நடு முனையில், வலப்பக்கச் சுவரின் உச்சியில் தொடங்குகிறது. பெயர்கள் வலப்பக்கமாகப் போய்ச் சுவர் மண்ணுக்குள் மறையும் ஓரத்தை அடைகின்றன. பிறகு இடது ஓரத்தில் மண்ணிலிருந்து மீண்டும் கிளம்பி நடு முனைக்கே வந்து முடிகின்றன. 1959 என்ற ஆண்டும் 1975 என்ற ஆண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. போரின் முதல் சாவும் கடைசிச் சாவும் சந்திக்கின்றன.

வடிவத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாறியது பெயர்களின் வரிசை மட்டுமே. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் அது நினைவகமாயிற்று. இவ்வளவு செய்தும் வகுப்பில் அந்தப் பயிற்சிக்கு முதல் தரம் கிடைக்கவில்லை. ஆசிரியரின் கேள்விக்கும் அவர் தரும் மதிப்பெண்ணுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி கட்டடக்கலைக் கல்வியில் குறைவு.

போட்டிக்கு அனுப்ப வேண்டிய நாள் 1981 மார்ச் 31. மாயா லின் மென்மையான பேஸ்டல் வண்ணத்தில் வரைந்தார். அளவுகோல் பிடித்த துல்லியக் கோடுகள் இல்லை. பச்சைப் புல்வெளியில் ஒரு கறுப்புக் கீற்று மட்டும் தெரியும். வரைபடங்கள் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே நடந்து இறங்கும்போது இரைச்சல் அடங்குவதையும், பெயர்கள் ஒவ்வொன்றாக உயர்ந்துகொண்டே வருவதையும் ஓவியத்தில் காட்ட முடியாது. அதனால் ஒரு பக்க விளக்கம் எழுதினார். நினைவகத்தை வடிவமைத்ததைவிட அந்த ஒரு பக்கத்தை எழுதவே அதிக காலம் பிடித்தது என்று அவர் குறிப்பிட்டிருக்கிறார். கடைசியில் அதைத் தம் கையாலேயே அட்டையில் எழுதி ஒட்டி அனுப்பினார்.

மொத்தம் 1,421 வடிவமைப்புகள் வந்தன. எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்க ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் ஒரு விமானக் கொட்டகை தேவைப்பட்டது. கட்டடக்கலைஞர்கள், நிலவடிவமைப்பாளர்கள், சிற்பிகள் அடங்கிய எட்டு நடுவர்கள் பார்த்தார்கள். அனுப்பியவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது, எண் மட்டுமே. 1026 என்ற எண்ணை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர்களை மறைத்து வைத்த அந்த விதி இல்லாவிட்டால், சீன வம்சாவளியைச் சேர்ந்த ஒரு மாணவியின் வரைபடம் பெரும் நிறுவனங்களின் வரைபடங்களைத் தாண்டி வந்திருக்குமா என்பது ஐயமே.

பரிசு 20 ஆயிரம் டாலர். அதன் பிறகுதான் மாணவியின் உண்மையான சோதனை தொடங்கியது. வாஷிங்டனைச் சேர்ந்த கூப்பர்-லெக்கி நிறுவனம் கட்டடக்கலைப் பொறுப்பை ஏற்றது. பெயர்களை அகரவரிசையில் போட்டால் உறவினர்கள் எளிதில் தேடிக் கண்டுபிடிக்கலாமே என்று முன்னாள் வீரர்கள் சிலர் வாதிட்டார்கள். பட்டியலில் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 600 பேருக்கு மேல் இருந்தார்கள். அகரவரிசையில் பொறித்தால் சுவர் தொலைபேசிப் புத்தகமாகிவிடும்; ஒவ்வொரு சாவின் தனித்தன்மையும் அழிந்துபோகும். நாள் வரிசையிலோ, ஒரே சண்டையில் ஒன்றாக விழுந்தவர்கள் சுவரிலும் ஒன்றாக இருக்கிறார்கள். உயிரோடு திரும்பிய வீரர் தாம் அங்கிருந்த காலத்தைச் சுவரில் கண்டுபிடித்துத் தோழர்களை அருகருகே பார்க்கலாம். மாயா லினின் வரிசையே நின்றது. தேடுபவர்களுக்காக அகரவரிசைப் புத்தகங்கள் நுழைவாயிலருகே வைக்கப்பட்டன.

ஒவ்வொரு சுவரும் சுமார் 75 மீட்டர் நீளம். நடு முனையில் உயரம் 3 மீட்டர். ஓரங்களில் வெறும் 20 சென்டிமீட்டர். எழுத்துகளின் உயரம் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். இவ்வளவு பெரிய சின்னத்தில் இவ்வளவு சிறிய எழுத்தை வைத்ததற்குக் காரணம் உண்டு: படிக்க வேண்டுமானால் கிட்டே போயாக வேண்டும். கிட்டே போனால், மெருகேற்றிய கல்லில் பெயருக்குப் பின்னால் படிப்பவரின் முகம் தெரியும். அந்தக் கறுப்பு கிரானைட் பெங்களூருப் பகுதியிலிருந்து போனது. கறுப்புக் கல் கனடாவிலும் சுவீடனிலும் கிடைத்தது; ஆனால் கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து தப்பியவர்கள் அடைக்கலம் தேடிய நாடுகள் என்பதால் அவை தவிர்க்கப்பட்டன. இந்தியக் கல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அறுக்கப்பட்டு, மெம்ஃபிஸ் நகரில் எழுத்துப் பொறிக்கப்பட்டது.

எதிர்ப்பும் பலமாக எழுந்தது. கறுப்பு அவமானத்தின் நிறம் என்றார்கள். வீரத்தைக் காட்டும் உருவம் இல்லையே என்றார்கள். சமரசமாக, ஃப்ரெடெரிக் ஹார்ட் செய்த மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையும் கொடிமரமும் சேர்க்கப்பட்டன. அவற்றை நடு முனையிலேயே வைக்க வேண்டும் என்ற யோசனை மட்டும் நிறைவேறவில்லை. சற்றுத் தள்ளி, மர நிழலில் வைத்தார்கள். சிலை 1984இல் வந்தது. சுவர் அதற்கு முன்பே, 1982 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்டுவிட்டது. மாயா லின் மேற்படிப்புக்கு யேலுக்கே திரும்பி 1986இல் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

போட்டிக்கு அவர் அனுப்பிய பேஸ்டல் ஓவியங்களும் அந்த ஒரு பக்க விளக்கமும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இணையத்தில் யாரும் பார்க்கலாம். அடுத்த ஜூரிக்குத் தயாராகும் மாணவர்கள் அவற்றை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆசிரியர்களும் பார்க்க வேண்டும்.

(தொடரும்)