தாமிரக் கம்பியில் பிராட்பேண்ட்

மனிதக் குரலைச் சுமப்பதற்கென்றே பதிக்கப்பட்டு, விநாடிக்கு 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளைக் கொண்டுசேர்ப்பதோடு தன் கடமை தீர்ந்ததென்று பல்லாண்டு காலம் மண்ணுக்கடியில் கிடந்த டெலிபோன் கம்பி, பத்து லட்சம் அதிர்வுகளுக்கு மேலும் இடங்கொடுக்க வல்லது என்பதைக் கண்டு, அந்தத் தரிசு நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவந்த ஏற்பாடுதான் டி.எஸ்.எல். கம்பியை மாற்றவில்லை, அதன் இரு முனைகளிலும் உள்ள யந்திரங்களை மாத்திரமே மாற்றினார்கள்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'டேட்டாஒன்' என்ற பெயரில் இந்தச் சேவையைத் தொடங்கிய பிறகு, நம்மவர் வீடுகளில் மோடத்தோடு கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் குடியேறியது. அதுதான் ஸ்பிளிட்டர். ஒரு பக்கத்தில் 'லைன்', மறு பக்கத்தில் 'ஃபோன்', 'மோடம்' என மூன்று துவாரங்களே உடைய அது, தாழ்ந்த அதிர்வுகளை டெலிபோனுக்கும் உயர்ந்தவற்றை மோடத்துக்கும் பிரித்துவிடுகிறது. அதைத் தவிர்த்து டெலிபோனை நேரே கம்பியில் இணைத்தவர்கள், காதில் இரைச்சல் கேட்பதையும், ரிசீவரை எடுத்த மாத்திரத்தில் இன்டர்நெட் அறுந்துபோவதையும் அனுபவித்திருப்பார்கள்.

கம்பியின் மறுமுனை எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப். எனப்படும் நெடிய இரும்புச் சட்டத்தில் வந்து முடிகிறது. அங்கேயும் ஒரு ஸ்பிளிட்டர் குரலைப் பிரித்து டெலிபோன் ஸ்விட்சுக்கு அனுப்பிவிட, எஞ்சியது டீஸ்லாம் என்ற யந்திரத்தைச் சேர்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு மோடத்துக்கும் எதிரிணையாக ஒரு மோடத்தைத் தன் அட்டைகளில் வைத்துக்கொண்டு, அத்தனை வீடுகளின் போக்குவரத்தையும் திரட்டி ஒரே பெரும்பாதையில் ஏற்றி அனுப்புவது அதன் உத்தியோகம்.

இறங்கும் வேகம் அதிகமாகவும் ஏறும் வேகம் சொற்பமாகவும் இருப்பதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளாதவர் இல்லை. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வை 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஜோசஃப் லெக்லைடர் தெரிந்தே விதித்தார். ஒரே கேபிளில் நூற்றுக்கணக்கான கம்பி ஜோடிகள் நெருங்கிக் கிடப்பதால் ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் கசிகிறது. தூரத்து வீட்டிலிருந்து தேய்ந்து வந்துசேரும் மெல்லிய சமிக்ஞையை, அதே எக்ஸ்சேஞ்சிலிருந்து பக்கத்து ஜோடிகளில் முழு வலுவோடு புறப்படும் சமிக்ஞைகள் அமுக்கிவிடும். ஆகவே ஏறுவதைத் தேய்மானம் குறைந்த தாழ்ந்த பகுதியில் ஒடுக்கி, பரந்த மேற்பகுதியை இறங்குவதற்கே விட்டுவிடுவது உத்தமம் என்று அவர் கண்டார்.

உண்மையான சாமர்த்தியம் கம்பியின் மொத்தப் பரப்பைப் பங்கிடுவதில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சியோஃபி முதலானோர் வளர்த்த முறைப்படி, இந்த ஏற்றத்தாழ்வுள்ள டி.எஸ்.எல்., அதாவது ஏ.டி.எஸ்.எல்., தன் 1,104 கிலோஹெர்ட்ஸ் பரப்பை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 பாத்திகளாக வகுத்துக்கொள்கிறது. அவற்றை 'டோன்' என்பார்கள். மோடத்துக்கு உயிரூட்டியவுடன் 'டி.எஸ்.எல்.' விளக்கு கண்சிமிட்டுகிறதே, அந்த அரை நிமிஷத்தில் இரு முனை யந்திரங்களும் ஒவ்வொரு டோனையும் தனித்தனியே சோதித்து, இரைச்சலை அளந்து, இதில் இத்தனை பிட் ஏற்றலாம், அதில் ஒன்றும் ஏற்றலாகாது என்று தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. விளக்கு நிலைத்தால் உடன்படிக்கை முடிந்ததென்று பொருள். நல்ல டோன் ஒன்று ஒரு துடிப்பில் 15 பிட் வரை சுமக்கும். விநாடிக்கு 4,000 துடிப்புகள் ஆகையால், அந்த ஒன்றிலிருந்து மாத்திரம் 60,000 பிட் தேறுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னை வானொலியின் 'ஏ' அலைவரிசை ஒலிபரப்பாகும் 720 கிலோஹெர்ட்ஸ், கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறக்குறைய 167-ஆம் டோனின் மேலேயே விழுகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தொங்கும் டிராப் ஒயர் தானே ஏரியலாகி அந்த ஒலிபரப்பை வாங்கிக்கொள்ளும் இடங்களில், மோடம் அந்த டோனின் பாரத்தைக் குறைத்து வேறு டோன்களில் ஏற்றிவிட்டு, யாருக்கும் தெரியாமல் வேலையைத் தொடர்கிறது.

ஆயினும் களிம்பேறிய இணைப்பை எந்த உடன்படிக்கையும் காப்பாற்றாது. இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சில் மழைநீர் இறங்கினால், தொடர்பு நாள்முழுதும் அறுவதும் கூடுவதுமாக இருக்கும். வேகத்தையே விசாரிப்பவர்கள், மோடத்தின் அமைப்புகளைக் காட்டும் இணையப் பக்கத்தில் 'நாய்ஸ் மார்ஜின்' என்ற எண்ணைப் பார்ப்பது நலம். அது 6 டெசிபலுக்குக் கீழே சரியுமானால் கோளாறு பெரும்பாலும் கம்பியில்தான், கம்ப்யூட்டரில் அன்று. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் எண்கள் எப்படியும் மெலிந்துவிடும்.

பின்னர் வந்த வி.டி.எஸ்.எல். அந்தத் தூரத்தையே குறைக்க எண்ணி, டீஸ்லாமைத் தெருமுனைப் பெட்டிக்குக் கொண்டுவந்தது. 2010-இல் தர நிர்ணயம் பெற்ற 'வெக்டரிங்' முறையோ, பக்கத்துக் கம்பிகளிலிருந்து கசியவிருக்கும் இரைச்சலை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கு நேரெதிரான சமிக்ஞையையும் சேர்த்து அனுப்பி அதை அழித்துவிடுகிறது. இதற்கு அந்தக் கேபிளிலுள்ள எல்லா மோடங்களும் ஒத்துழைத்தாக வேண்டும். ஒத்துழைக்காத பழைய மோடம் ஒன்று நடுவில் இருந்தாலும், அக்கம்பக்கத்தாரின் வேகம் குறைகிறது.